குளிர் போட்ட பூட்டா?

துருவத் தூந்திர மண்ணைப் பற்றி ஒரு வாதம் நெடுநாளாகச் சுற்றி வருகிறது. குளிரில் பாக்டீரியாக்கள் முடங்கிக் கிடப்பதால் செத்தை மக்குவதில்லை, நைட்ரஜன் மண்ணிலேயே பூட்டிக் கிடக்கிறது. வெப்பம் ஏறினால் பூட்டு திறக்கும், செடி தழைக்கும், காற்றிலுள்ள கார்பனும் அதில் அடங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த முடக்கம். கனடாவின் வடகோடியில், உறைமண்ணுக்கு மேலே கோடையில் இளகும் அடுக்கிலிருந்து பிரித்தெடுத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோபிலஸ் என்ற பாக்டீரியா மைனஸ் 15 டிகிரியிலும் பெருகுகிறது என்று 2013இல் காட்டினார்கள். ஒன்று இரண்டாக ஏறத்தாழ 50 நாள். மைனஸ் 25இலும் அதன் உயிரியக்கம் நிற்கவில்லை. ஆனால் இது உப்பும் கிளிசராலும் கலந்த ஆய்வகக் கரைசலில் கண்டது, மண்ணில் அல்ல. இன்னொன்று: பெயரிலேயே குளிர்விரும்பி என்று சொல்லிக்கொள்ளும் இந்த உயிர் 37 டிகிரியிலும் வளர்கிறது. 20 டிகிரிக்கு மேல் வளராததே குளிர்விரும்பி என்பது 1975இல் நுண்ணுயிரியலாளர் மோரிட்டா வகுத்த கோடு. அதன்படி இது குளிரைப் பொறுத்துக்கொள்வது, அவ்வளவே.

மண்ணிலேயே பார்த்த சான்று அலாஸ்காவின் டூலிக் ஏரிக்கரையில் கிடைக்கிறது. அங்கே கனிம நைட்ரஜன் சேர்வது பெரும்பாலும் பனிக்கடியில், குளிர்காலத்தில். செடி வளரும் கோடையிலோ நுண்ணுயிர்களே அதை இழுத்துக்கொள்கின்றன. செடியும் சும்மா காத்திருப்பதில்லை. தலையில் வெள்ளைப் பஞ்சு சூடி நிற்கும் பருத்திப்புல், பாக்டீரியா பிரித்துத் தருவதற்கு முன்பே அமினோ அமிலத்தை வேரால் உறிஞ்சிவிடும் என்று சூழலியலாளர் சேப்பினின் குழுவினர் 1993இலேயே எழுதிவிட்டார்கள். அப்படியிருக்க, வேரில்லாத பையில் மண்ணைப் புதைத்து வைத்து அம்மோனியத்தை அளந்தால், செடிக்குக் கிடைப்பது எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

கடைசிக் கண்ணியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். டூலிக்கில் 1981 முதல் ஆண்டுதோறும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் உரமாக இட்டார்கள். இருபது ஆண்டில் தரைக்கு மேலான வளர்ச்சி இரு மடங்கானது. ஆனால் ஆழ்மண் இழந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 2 கிலோ கார்பன் நட்டம். இட்ட உரம் இயற்கை தருவதைவிடப் பல மடங்கு, கூடவே பாஸ்பரஸ் வேறு. எனவே பழியை நைட்ரஜன் தலையில் மட்டும் கட்ட முடியாது. அதே டூலிக்கில் இருபது ஆண்டு கோடைதோறும் பசுமைக்குடில் அமைத்துச் சூடேற்றிய சோதனையின் முடிவு 2013இல் வந்தது. புதர் பெருகியது, மண்ணின் கார்பன் குறையவில்லை. வாதம் வென்றதுபோல் தோன்றும். ஆனால் மேல்மண்ணில் மக்கவைக்கும் உயிர்களின் வேகம் கூடவில்லை, குறைந்தது! மண்ணின் நைட்ரஜன் இருப்பும் மாறவில்லை.

நைட்ரஜனை அள்ளிக் கொடுத்தபோது கார்பன் போனது. கார்பன் தங்கியபோது மேல்மண்ணின் பாக்டீரியா விழிக்கவில்லை. இரண்டுமே வாதத்துக்கு உதவாதவை. ரஷ்யாவின் செய்தாவில் செடி முளைக்காத வெற்றுக் கரிமண் திட்டுகளையும் மறக்க வேண்டாம்: உறிஞ்ச வேரில்லாத அந்த இடங்களில் நைட்ரஜன் நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் ஏறுவதை 2009இல் அளந்தார்கள். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும் வாயு.

பூட்டு என்ற உவமையைக் கைவிட வேண்டும் என்பதே என் தீர்ப்பு. அதை நம்பித் தூந்திரத்தைக் கார்பன் வரவுக் கணக்கில் எழுத இன்றைய சான்றுகள் போதாது.