தகட்டுக்கு அடியில் வீணாகும் சூடு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி மாத்தளை மாவட்டத்தைத் தெற்கு வடக்காக ஊடறுத்துச் செல்கிறது. மாத்தளை நகரம், நாவுல, தம்புள்ளை என்று அதன் ஓரத்து ஊர்களில் மாலை மயங்கியதும் சூடேறுவது கொத்து ரொட்டித் தகடு. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுவரும் லொறிச் சாரதியும், சீகிரியா பார்த்துத் திரும்பும் பயணியும், நகரத்துக் கடை ஊழியரும் அந்தத் தகட்டில்தான் இராச்சாப்பாடு சாப்பிடுகிறார்கள். பெரும்பாலான தகடுகளுக்கு அடியில் எரிவது எரிவாயு. ஆனால் 2021 இறுதியில் சிலிண்டர்களும் அடுப்புகளும் வெடித்த சம்பவங்களும், 2022இல் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியதும், அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றதும், மின்தகட்டைப் பற்றி யோசிக்கவைத்தன. அப்படி யோசித்த பலர் மின்தகடு மந்தமானது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த மந்தத்துக்கு மருந்தாக அதிக வாட் கொண்ட எலிமென்டைப் பூட்டுவதே நமது பட்டறைகளின் வழக்கம். இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது நோயின் இடத்தைத் தவறாகக் குறிக்கிறது என்பதே என் வாதம். சூடு போதாமல் இருப்பதைவிட, உண்டான சூடு தகட்டுக்குப் போய்ச் சேராமல் இருப்பதுதான் பெரிய குறை.

முதலில் வழக்கத்தின் நியாயத்தைப் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட இரும்புத் தகடு ஏறக்குறைய 64 கிலோ இருக்கும். அதை 25 பாகையிலிருந்து 225 பாகைக்குக் கொண்டுவர, இழப்புகளைக் கணக்கில் எடுக்காமலே 1.7 யூனிட் மின்சாரம் தேவை. சூடேறிய பிறகும் கதை முடிவதில்லை. ரொட்டித் துண்டுகளும் கோவாவும் கரட்டும் முட்டையும் விழும்போது, ஒரு கொத்திலிருந்து 100 கிராம் நீர் ஆவியானால் மட்டும், தகட்டின் கால்பகுதி சுமார் 30 பாகை குளிர்ந்துவிடும். அடுத்த கொத்து உடனே காத்திருக்கிறது. எனவே போதிய கிலோவாட் இல்லாத தகடு நெரிசல் நேரத்தில் வதக்காது, அவிக்கும். இந்த அளவுத் தகட்டுக்கு 3 கிலோவாட் எலிமென்ட் மூன்று, மொத்தம் 9 கிலோவாட் என்பது நியாயமான அடித்தளம். அதற்குக் குறைவாகப் பூட்டிவிட்டு மின்சாரத்தைக் குறைசொல்வது சரியில்லை.

ஆனால் அந்த அடித்தளத்துக்கு மேல் ஏறும்போது வழக்கம் தடுமாறுகிறது. சிறு கடைகளில் பல ஒற்றைக் கட்ட, 30 ஆம்பியர் இணைப்பில் இயங்குபவை. அதன் உச்சம் 6.9 கிலோவாட். 9 கிலோவாட்டுக்கே மூன்று கட்ட இணைப்பு வேண்டும். மின்னழுத்தமும் நிலையாக நிற்பதில்லை. நமது நாட்டில் 230 வோல்ட்டிலிருந்து ஆறு சதவீதம் ஏறவோ இறங்கவோ விதி இடமளிக்கிறது. வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்தோடு மாறுவதால், விதிக்கு உட்பட்ட 216 வோல்ட்டிலேயே 12 சதவீத வலு போய்விடும். நீண்ட கம்பித்தொடரின் கடைசியில் 200 வோல்ட்தான் வருகிறதென்றால் கால்பங்கு போய்விடும். கொத்து விற்கும் நேரமும் மின்சார சபையின் உச்சநேரமான மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையும் ஒன்றோடொன்று பொருந்திக் கிடக்கின்றன. அந்த நேரத்தில் இன்னும் பெரிய எலிமென்ட் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்து, கடையின் வயரிங்கிலேயே மேலும் வோல்ட்டை இழக்கிறது. கருகிய டேர்மினல்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

எலிமென்ட் என்பது என்ன? நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள், வெளியே உலோகக் குழாய். இந்தக் கலப்புலோகத்தை அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1900களின் நடுப்பகுதியில் கண்டறிந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. மாற வேண்டியது அது தகட்டைத் தொடும் விதம். குழாயைத் தகட்டின் கீழ் இரண்டு மூன்று பட்டிகளால் கட்டித் தொங்கவிட்டால், உருண்டைக் குழாய் தட்டைத் தகட்டை ஒரு கோட்டில் மட்டுமே தொடும். சூட்டில் குழாய் வளைந்ததும் அந்தக் கோடும் பிரியும். சூடான காற்று இரும்பைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே அரை மில்லிமீட்டர் இடைவெளி, கடத்தலைப் பொறுத்தவரை, அரை மீட்டர் தடித்த இரும்பைக் குறுக்கே வைத்ததற்குச் சமம். சூடு கதிர்வீச்சாகப் போகவேண்டியிருப்பதால் குழாய் செக்கச் சிவக்கிறது. தகட்டில் குழாய் போகும் தடத்தில் ரொட்டி கருக, பக்கத்தில் வெளிறிக் கிடக்கிறது. மீதிச் சூடு கீழே சமையலறைக்குள் இறங்குகிறது. இந்த நிலையில் 3 கிலோவாட்டை 4 ஆக்கினால் குழாய்தான் இன்னும் சிவக்கும்.

பணக்கணக்கும் இதையே சொல்கிறது. 12.5 கிலோ எரிவாயுவில் ஏறக்குறைய 160 யூனிட் வெப்பம் இருக்கிறது. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் தரச்சான்று வணிகத் தகடுகளுக்குக் கேட்ட குறைந்தபட்சச் சமையல் திறன் எரிவாயுவுக்கு 38 சதவீதம், மின்சாரத்துக்கு 70 சதவீதம். அதன்படி ஒரு சிலிண்டரில் உணவுக்குச் சேருவது 61 யூனிட். அதே வேலையை நல்ல மின்தகடு 87 யூனிட்டில் முடிக்கும். சிலிண்டர் 3,690 ரூபாய் என்றால், ஒரு யூனிட் மின்சாரம் 42 ரூபாய்க்குக் கீழே இருக்கும்வரை மின்தகடே மலிவு. எலிமென்ட் தொங்கிக்கிடந்து திறன் 50 சதவீதமாக இறங்கினால், அந்த எல்லை 30 ரூபாயாகிவிடும். 2022 ஓகஸ்டில் 75 சதவீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறி, பிறகு இறங்கி, 2025 ஜூனில் மீண்டும் 15 சதவீதம் ஏறிய கட்டணத்தை எந்தக் கடைக்காரரும் கட்டுப்படுத்த முடியாது. அந்தப் பன்னிரண்டு ரூபாய் இடைவெளி மட்டும் பட்டறையின் கையில் இருக்கிறது.

ஆகவே திருத்தம் இப்படி இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் குழாயில் 1.6 மீட்டர் நீளத்துக்குள் 3 கிலோவாட்டை அடைத்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏழரை வாட் சுமக்கிறது. நீளத்தை இரட்டித்தால் சுமை பாதியாகும், குழாயின் சூடு தணியும், ஆயுள் கூடும். அந்தக் குழாயை அலுமினியத்துக்குள் வைத்து வார்த்தோ, பள்ளம் வெட்டிய அலுமினியப் பாளத்துக்குள் இறுக்கியோ இரும்புத் தகட்டோடு போல்ட் பூட்ட வேண்டும். அலுமினியம் 660 பாகையில்தான் உருகும். கொத்துக்குத் தேவையானது அதில் பாதிகூட இல்லை. அலுமினியத் தாச்சி வார்க்கத் தெரிந்த பட்டறைக்கு இது எட்டாத வேலை அல்ல. அடியில் வெப்பக் காப்பு கட்டாயம். உப்பும் சோயா சோஸும் தகட்டைக் கழுவிய நீரும் ஒழுகிச் சேரும் இடத்தில் சாதாரண 304 ரக எவர்சில்வர் குழாய் விரிசல் விடக்கூடும். நிக்கல் கூடிய இன்கொலோய் 800 குழாய் விலை அதிகமானாலும் நிலைத்து நிற்கும். குழாயின் முனைகளை நன்றாக அடைக்கவும் வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் கடை சில நாள் பூட்டிக்கிடந்தால் உள்ளே உள்ள தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும்; சுவிட்சைப் போட்டதும் மின்கசிவால் ட்ரிப் ஆகும். அப்போது எர்த் வயரைக் கழற்றிவிடுவது சிலரின் குறுக்குவழி. ஈரக் கையோடு இரும்புக் கத்திகளைப் பிடித்து நிற்பவரின் உயிரோடு விளையாடும் செயல் அது; எந்தச் சாக்கும் இதற்கு இல்லை.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் வலுவானது மின்வெட்டு. 2022 மார்ச் 31இல் 13 மணிநேர வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருள். உண்மைதான், ஆனால் 2022இல் எரிவாயுவும் சேர்ந்தே கைவிட்டது. ஒரு சிறு எரிவாயு அடுப்பை வைத்துக்கொண்டு பெரிய தகட்டை மின்சாரத்துக்கு மாற்றுவதே இரு அபாயத்தையும் பகிர்ந்துகொள்ளும் வழி. உக்குவளையிலும் பொவத்தென்னவிலும் தலா 40 மெகாவாட், மொறகஹகந்தவில் 25 மெகாவாட் என்று நமது மாவட்டத்து நீரே மின்சாரம் தருகிறதே என்று சிலர் மகிழலாம். அந்த மகிழ்ச்சியை நான் அளவோடுதான் பகிர்வேன். உச்சநேரத்தில் கூடுதலாக எரிவது பெரும்பாலும் இறக்குமதி எரிபொருளே. வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் உறுத்த வேண்டியதற்கு அதுவே காரணம். இன்னொரு வாதம் சுவை. கரியில் வாட்டும் கோழிக்கு அது பொருந்தும். கொழுப்பு தணலில் விழுந்து எழும் புகையை எலிமென்ட் ஈடுசெய்வதில்லை, அங்கே மின்சாரத்தை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். கொத்திலோ தீ உணவைத் தொடுவதே இல்லை. தகட்டின் சூடு மட்டுமே சுவை.

விலை கூடும் என்பதும் மெய்தான். வார்த்த பாளம் பழுதானால் முழுதாகக் கழற்ற வேண்டும். மூன்று தனிப் பாளங்களாகச் செய்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். மின்தகடு வாங்கப்போகும் கடைக்காரர்களே, எத்தனை கிலோவாட் என்பதோடு நிறுத்தாதீர்கள். எலிமென்ட் தகட்டோடு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கவிழ்த்துப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு உங்கள் கடையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து சொல்லி, அதற்கேற்பச் செய்துதரக் கேளுங்கள்.