துணியின் எந்தப் பக்கம்?

தோடர் பூத்தையலைப் பற்றி எழுதுகிறவர்களிடம் கிடைப்பது ஒன்று பழங்குடிக் கைவினை மீதான அனுதாபம். அல்லது நவீன ஓவியத்தின் ஜ்யாமிதியை அதில் கண்டுவிட்ட பரவசம். துணியைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு.

வெள்ளைப் பருத்தித் துணி சமவெளியிலிருந்து மலையேறுகிறது. அதில் சிவப்பு, கறுப்பு நூல்களால் நீலகிரித் தோடப் பெண்கள் தைக்கிறார்கள். கோடு வரைந்துகொள்வதில்லை; இழைகளை எண்ணி எண்ணி ஊசி போகிறது. பூவானாலும் எருமைக் கொம்பானாலும், தாயிடம் மகள் கற்ற அந்த எண்ணிக்கைக்குள் வந்தாக வேண்டும். இயற்கை இங்கே பிரதி செய்யப்படவில்லை, கணக்கில் பிடிபடுகிறது. நூல் புடைத்துச் சொரசொரப்பாக நிற்கும் பக்கம்தான் அவர்களுக்கு முகப்பு. இந்தப் பூத்தையலிட்ட புத்குளிதான் உயிரோடிருப்பவரின் போர்வை. இறந்தவரைச் சுற்றுவதும் அதுவே.

2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான், போலியைத் தடுக்கலாம். ஆனால் பீளமேட்டில் ஒரு விற்பனைக் கண்காட்சியில் நான் பார்த்த கைப்பைகளில் வழவழப்பான பக்கம் வெளியே இருந்தது. மற்றது உள்துணிக்கு அடியில் மறைந்து கிடந்தது. 'மிஷின்ல போட்ட மாதிரியே இருக்குதுங்க' என்று மெச்சினார் ஒருவர். (மில் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.) விலை, நிறம், அளவு எல்லாம் சீட்டில் எழுதியிருந்தது. எது முகப்பு என்று தைத்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.