நிறை குறைந்தால் நலமா?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பழைய தகராறு ஒன்று ஓயாமல் நடக்கும். மழை நாளென்றால் இலையில் தண்ணீர் நிற்கிறது என்று கணக்கப்பிள்ளை சில கிலோ கழிப்பார். சாக்குக்கென்று இன்னும் கொஞ்சம் போகும். கழிவு நியாயமா, அநியாயமா என்பதில்தான் சண்டை. தராசு காட்டுவது முழுக்கக் கொழுந்தல்ல என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கம் வாழும் நம்மவர்கள் தலைமுறைகளாக அறிந்த இந்த உண்மை, நாமே நிறை பார்க்கும் மெஷினில் ஏறும்போது மட்டும் மறந்துபோகிறது. அரைக்கிலோ ஏறினால் அத்தனையும் கொழுப்பு என்று மனம் சோர்கிறது; ஒரு கிலோ இறங்கினால் உடம்பு தேறிவிட்டது என்று நம்புகிறோம்.

நிறை பார்க்கும் வழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. செலவு குறைவு, நொடியில் முடியும், யார் பார்த்தாலும் ஒரே விடை வரும். மாதந்தோறும் குழந்தையை நிறுத்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்கு அதற்கு ஈடான கருவி வேறில்லை. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். இந்த நிலையில் அட்டையின் கோடு சரிவதை வேளைக்கே கண்டுபிடிக்கும் தராசு உயிர் காக்கும் கருவி. இதய நோயாளிக்கும், வில்கமுவ போன்ற இடங்களில் வாழும் சிறுநீரக நோயாளிக்கும் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், உடம்பில் நீர் கட்டுகிறது என்று வைத்தியருக்கு அது எச்சரிக்கை.

தராசு நீரையும் சேர்த்து நிறுப்பதால்தான் அங்கே பயன்படுகிறது. கொழுப்புக் குறைகிறதா என்று பார்ப்பவரை ஏமாற்றுவதும் அதே குணம்தான். நாம் உண்ணும் மாச்சத்தின் ஒரு பகுதி கிளைக்கோஜனாக ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. வளர்ந்தவர் உடம்பில் அது ஏறத்தாழ அரைக்கிலோ. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரையும் பிடித்து வைக்கிறது. சோற்றைத் திடீரென்று நிறுத்தியவருக்கு முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி இந்த இருப்பும் நீரும்தான். மறுபடி சோறு சாப்பிட்டதும் அது திரும்பி வரும். இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உப்பு நீரைப் பிடித்துவைத்துக் காலையில் நிறையைக் கூட்டும். மாதவிடாய் நெருங்கும் நாட்களிலும், புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசைகள் வீங்கும் நாட்களிலும் இதே கதைதான்.

தசைக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு லீற்றர் தசை சுமார் 1.06 கிலோ, ஒரு லீற்றர் கொழுப்பு 0.9 கிலோ. தினமும் நடந்து, பாரம் தூக்கிப் பயிற்சி செய்து, பருப்பும் முட்டையும் மீனும் சேர்த்துச் சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு மூன்று மாதத்தில் பழைய சட்டை இடுப்பில் தளர்ந்திருக்கலாம், மேட்டுப் பாதையில் மூச்சு வாங்காமல் ஏற முடியலாம். முள் மட்டும் அசையாமல் நிற்கலாம். 'ஒண்ணும் குறையல்லியே' என்று அவர் பயிற்சியைக் கைவிட்டால் அது பெரிய நட்டம். பட்டினி கிடந்து தசையைக் கரைத்தவருக்கோ அதே மெஷின் நல்ல சான்றிதழ் தருகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வருத்தத்தால் உருகுபவரையும் அது அப்படித்தான் பாராட்டும்.

இதைவிடப் பெரிய குறை, மெலிந்தவருக்கு அது தரும் பொய்யான நிம்மதி. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உடற்றிணிவுச் சுட்டெண் கணக்கு 1830களில் பெல்ஜிய அறிஞர் கெற்றலே மக்கள்தொகையின் சராசரியை ஆராய வகுத்தது. தனி ஒருவரின் உடல்நலத்தை அளக்கப் பிறந்ததல்ல. 2004இல் லான்செற் இதழில் வெளிவந்த ஒரு படம் இதைத் தெளிவாகக் காட்டியது. பூனே வைத்தியர் யாஜ்னிக், லண்டன் வைத்தியர் யட்கின் இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டெண் ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தெற்காசிய உடம்பு மெலிந்து தோன்றியே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்குச் சுட்டெண் 25 ஆகும் வரை காத்திராமல் 23இலேயே கவனிக்கத் தொடங்கவேண்டும் என்றது. குறைந்த நிறையோடு பிறந்து, வளர்ந்தபின் மலையேற்ற வேலையை விட்டுக் கடைக்கும் ஓட்டோவுக்கும் அலுவலகக் கதிரைக்கும் வந்த தலைமுறைக்கு இந்த ஆபத்து கூடுதல். 'ஒல்லியான ஆளுக்குச் சீனி வராது' என்ற பேச்சு நம் வீடுகளில் எத்தனை பேரைப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறது!

நிறை இறங்காமலே நலம் கிடைக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் சராசரி நிறை குறிப்பிடும்படி குறையவில்லை. தராசை மட்டும் பார்த்திருந்தால் அந்த வெற்றி தோல்வியாகவே எழுதப்பட்டிருக்கும். மறுபுறம், அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற பெரிய ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து ஏறத்தாழ 16 சதவீதம் இறங்கியது. மிகையான நிறை உள்ளவருக்கு நிறை குறைவது நல்லதே. அந்த ஒன்றையே நலத்துக்கு முழு அளவாகக் கொள்வதுதான் பிழை.

ஆகவே தராசுக்குத் துணையாக அளவு நாடாவைச் சேர்ப்போம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பின் அளக்கவேண்டும். தெற்காசிய ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை. நிறையை வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்து, நான்கு வாரச் சராசரியை ஒப்பிட்டால் நீரின் ஏற்றவிறக்கம் அடங்கிவிடும். ஜிம்மில் கொழுப்புச் சதவீதம் சொல்லும் மெஷினும் மின்சாரத்தை உடம்பின் நீர்வழியே செலுத்தித்தான் கணிக்கிறது. அதையும் அப்படியே நம்பவேண்டாம்.

நாடாவுக்கும் குறை உண்டு: அளப்பவர் கை மாறினால் அளவு மாறும், நாலு பேர் பார்க்க இடுப்பளவு கொடுக்கப் பெண்கள் கூசுவார்கள். 2011 முதல் சுகாதார அமைச்சு நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நிறை, பிரஷர், சீனி மூன்றையும் இலவசமாகப் பார்க்கின்றன. அங்கே ஒரு திரைமறைவும், பழகிய பெண் உத்தியோகத்தர் ஒருவரும், தோட்டத்தாருக்குப் புரியும் தமிழில் விளக்கமும் இருந்தால் இந்தக் கூச்சம் தீரும். நாற்பதைத் தொடும் ஒவ்வொருவரும், மெலிந்தவராயினும், நிறையோடு இடுப்பளவையும் சீனியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் வந்தால், வீண் கவலையால் பயிற்சியை விடுபவரும் வீண் நிம்மதியால் நோயை வளர்ப்பவரும் குறைவார்கள்.