மூன்றாவது பட்டியல்

'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது. எது நல்ல பாட்டு என்று அது சொல்ல வரவில்லை. எது விற்றது என்று மட்டும் சொல்கிறது. இந்த அளவை ஏற்காத ஒரு கலைஞர் என்ன செய்யலாம்? ஜோனி மிச்சல் 1996ல் செய்ததைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கனடாவில் பிறந்த மிச்சல் தானே எழுதி, மெட்டமைத்து, பாடுபவர். வாக்கேயக்காரர் என்று நம்மிடம் இதற்கு ஒரு சொல் உண்டு. சினிமா அந்த மூன்று வேலைகளையும் மூன்று பேருக்குப் பங்கு பிரித்துவிட்டதால் அந்தச் சொல் சங்கீத சபைகளோடு நின்றுவிட்டது. ஒன்பது வயதில் போலியோ கண்டு இடது கை வலுவிழந்தவர். கைக்கு வாகாகக் கிதாரின் தந்திகளைப் பல விதமாகச் சுருதி மாற்றிக்கொண்டார். எங்கே போய் இறங்கும் என்று ஊகிக்க முடியாத அவருடைய ஸ்வரச் சேர்க்கைகளுக்கு ஊற்று இதுதான். முதல் இசைத்தட்டு 1968ல். 'ஹிட்ஸ்' தொகுப்புக்கு நெடுங்காலம் இடம் கொடுக்காமல் இருந்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இசைந்தார்: 'மிஸ்ஸஸ்' என்று இன்னொரு தொகுப்பும் கூடவே வரவேண்டும். வந்தது. 'ஹிட்ஸ்' 15 பாட்டுகள், 'மிஸ்ஸஸ்' 14. 'ஹிட்ஸ்' அட்டையில் வண்டி மோதிப் போட்டுவிட்டுப் போனவர்போல் தெருவில் கிடக்கிறார்.

முதல் பட்டியலே வேடிக்கையானது. அமெரிக்க விற்பனை வரிசையில் அவர் குரலில் முதல் பத்துக்குள் நுழைந்தது 1974ல் வந்த 'ஹெல்ப் மீ' ஒன்றுதான். 'போத் ஸைட்ஸ் நௌ' 1968ல் ஜூடி காலின்ஸ் குரலில்தான் பிரபலமாயிற்று. 'உட்ஸ்டாக்' 1970ல் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் குழுவினால். 1969ல் நடந்த அந்த விழாவுக்கு மிச்சல் போகவே இல்லை. ஆக, 'ஹிட்ஸ்' என்பதில் பாதி, பிறர் தொண்டை வழியாக இவருக்குத் திரும்பி வந்த புகழ்.

'மிஸ்ஸஸ்'தான் நமக்குப் பிரியமானதாக இருக்கும். சிறுபத்திரிகைக்காரர்களுக்குத் தோல்வியின்மேல் ஒரு மயக்கம் உண்டு. விற்காதது என்பதையே ஒரு தகுதியாக எண்ணிக்கொள்வோம். ஆனால் இந்தப் பட்டியலை எண்ணிப் பார்க்க வேண்டும். 14ல் 8 பாட்டுகள் 1985க்கும் 1994க்கும் இடைப்பட்டவை. 1976ன் 'ஹெஜிரா' தொகுப்பிலிருந்து ஒரே ஒரு பாட்டு. 1977ன் 'டான் ஹுவான்ஸ் ரெக்லெஸ் டாட்டர்' இரட்டைத் தட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை. முதல் பட்டியலிலும் அது இல்லை. ஆகவே இது மதிப்பீடு அல்ல, முறையீடு. அண்மையில் அடிபட்ட பிள்ளையைத் தாய் அணைத்துக்கொள்கிறாள். தாய்க்கு அது நியாயம். விமர்சனத்துக்கு அல்ல.

அணைக்கப்பட்ட பிள்ளைகளும் ஒரே தரத்தவை அல்ல. 'டாக் ஈட் டாக்' (1985) அந்தக் காலத்து அமெரிக்காவின் பேராசையைச் சாடுகிறது. கோபம் உண்மையானதுதான். ஆனால் கோபம் முன்னால் போய்விட்டது. பாட்டு மின்வாத்திய இரைச்சலுக்கிடையில் பின்னால் ஓடி வருகிறது. பத்திரிகைத் தலையங்கத்துக்கு மெட்டுப் போட்ட மாதிரி. 'தி மக்தலீன் லாண்ட்ரீஸ்' (1994) அப்படி அல்ல. அயர்லாந்தில் 'கெட்டுப்போனவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களைக் கன்னியர் மடத்துச் சலவைக்கூடங்களில் அடைத்து வேலை வாங்கியதைப் பற்றியது. அடைக்கப்பட்ட ஒருத்தியே பேசுகிறாள். குரல் உயரவில்லை. கோபம் ஒரு மனுஷியாக மாறிவிட்டதால் அதற்குக் கூச்சல் தேவைப்படவில்லை. இரண்டும் ஒரே பட்டியலில், 'தவறியவை' என்ற ஒரே முத்திரையோடு இருக்கின்றன. விற்கவில்லை என்பதைத் தவிர இவற்றுக்குள் பொது அம்சம் என்ன? சந்தையை எதிர்த்துப் போடப்பட்ட பட்டியலும் சந்தையின் படியைக்கொண்டேதான் அளக்கிறது.

'ஹெஜிரா' பாட்டை எடுத்துக்கொள்கிறேன். நபியின் ஹிஜ்ரத்திலிருந்து எடுத்த பெயர்; காதலை விட்டு நெடுஞ்சாலையில் தனியே போகும் ஒருத்தியின் பாட்டு. திரும்பத் திரும்ப வந்து நாவில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி இதில் இல்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் கிதார் தாளத்துக்குத் துணை போகாமல் இன்னொரு மனசுபோல் கூடவே பேசிக்கொண்டு வருகிறது. வானொலி இதை விழுங்க முடியாததற்குக் காரணம் பல்லவி இல்லாமை. இது உயர்ந்த பாட்டாக இருப்பதற்குக் காரணம், முடிவில்லாத சாலைக்கு அந்த இல்லாமைதான் சரியான உருவம் என்பது. முதல் காரணம் வியாபாரம், இரண்டாவது கலை. 'மிஸ்' என்ற சொல்லுக்கு முதலாவது மட்டுமே தெரியும்.

காலம் வேறு இரண்டு பட்டியல்களையும் கலைத்துவிட்டது. 1971ன் 'ப்ளூ' தொகுப்பைச் சேர்ந்த 'எ கேஸ் ஆஃப் யூ' தவறியவற்றில் இருக்கிறது. பிரின்ஸ், கே.டி. லாங் உட்பட எத்தனையோ பேர் அதை எடுத்துப் பாடிவிட்டார்கள். 'ஹிட்ஸ்' கடைசியில் வரும் 'போத் ஸைட்ஸ் நௌ' 1969ன் இளங்குரலில். 2000ல், 56 வயதில், இறங்கி மங்கிய குரலில் பெரிய வாத்தியக் குழுவோடு அதையே மறுபடி பாடினார். இளமையில் ஊகமாக இருந்தது அங்கே சாட்சியமாகிவிட்டது.

இரண்டிலும் இல்லாதவற்றின் பட்டியல் ஒன்று மிஞ்சுகிறது. அதில் 'ப்ளூ' என்ற பாட்டு இருக்கும். 1937ல் கடல்மேல் காணாமற்போன விமானி அமீலியா ஏர்ஹார்ட்டிடம் தன் தனிமையைச் சொல்லும் 'அமீலியா' இருக்கும். 16 நிமிஷம் ஓடும் 'பாப்ரிகா ப்ளெய்ன்ஸ்', நடுவில் தொய்ந்தாலும், தன் சிறுவயதுச் சமவெளியைச் சொல்லால் தொடங்கி வாத்தியங்களிடம் ஒப்படைத்துவிடும் துணிச்சலுக்காக இருக்கும். இதுவும் ஒருவன் போட்ட பட்டியல்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. விற்பனைக் கணக்குக்கு அந்தக் கடமை இல்லை. காயம்பட்ட கலைஞரிடம் அதைக் கேட்க நமக்கு உரிமையும் இல்லை. நம் கவிகளின் 'தேர்ந்தெடுத்த கவிதைகள்' வரும்போதும் நாம் எழுதவேண்டியது இந்த மூன்றாவது பட்டியலைத்தான்.