சமரசத் தீர்ப்பாணை: பலமும் பலவீனமும்

வழக்காடுபவர்கள் தங்களுக்குள் பேசி முடித்த ஒப்பந்தத்தைப் பதிவுசெய்து, அதன்படியே நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை சமரசத் தீர்ப்பாணை எனப்படும். நீதிமன்ற வட்டாரத்தில் இதை ராஜி என்பார்கள். இந்தியாவில் இதற்கு அடிப்படை, 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, தரப்பினர் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

இந்த ஆணை பாதி ஒப்பந்தம், பாதி தீர்ப்பு. நீதிபதி சாட்சியத்தை எடைபோட்டு எதையும் முடிவுசெய்வதில்லை. தரப்பினரின் உடன்பாட்டுக்கு நீதிமன்ற முத்திரை விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த முத்திரையின் பலன் பெரிது. சாதாரண ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் புது வழக்குப் போட வேண்டும். ராஜியை மீறினால் நேராக நிறைவேற்றல் மனு போடலாம். அதற்குப் பொதுவாக 12 ஆண்டு அவகாசமும் உண்டு. பல ஆண்டு இழுக்கக்கூடிய பாகப்பிரிவினை வழக்கு ஒரே நாளில் முடிவதும் ராஜியால்தான்.

சொத்து வழக்குகளில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வழக்குக்கு உட்பட்ட சொத்தைப் பொறுத்தவரை ராஜிக்குப் பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆனால் பங்கைச் சரிக்கட்ட வழக்கில் இல்லாத மனையொன்றையும் சேர்த்து எழுதினால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி அதற்குப் பதிவு வேண்டும். நீதிமன்ற ஆணையே போதும் என்று நம்பி இருந்துவிடுபவருக்கு, மனையை விற்கப்போகும்போதுதான் இந்தக் குறை தெரியவரும்.

இதைவிடப் பெரிய குறை, ஏமாற்றப்பட்டவருக்குரிய வழி குறுகலாக இருப்பது. சம்மதத்தின் பேரில் பிறந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96(3) பிரிவு. சமரசம் சட்டப்படியானதல்ல என்று தனி வழக்குப் போடவும் கட்டளை 23, விதி 3அ தடை விதிக்கிறது. ஆணை பிறப்பித்த நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று 2006-இல் புஷ்பா தேவி பகத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்குகளுக்கு முடிவு வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் பிந்தைய வழிகளை அடைத்த சட்டம், சமரசத்தைப் பதிவுசெய்யும் நேரத்தில் நீதிமன்றம் செய்யும் சோதனையின் மீதே முழுப் பாரத்தையும் வைத்துவிடுகிறது. தரப்பினர் சேர்ந்து தாக்கல் செய்யும் கூட்டு மெமோவைப் பார்த்த மாத்திரத்தில் ஆணை போட்டால் அந்தச் சோதனை வெறும் சடங்காகிவிடும். பாகப்பிரிவினை வழக்கில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருப்பதை அறியாமலே கையெழுத்திடும் சகோதரிக்கு அதற்குப்பின் எஞ்சுவது மிகக் கடினமான நிரூபணச் சுமை.

மைனர் சார்பிலான சமரசத்துக்கு நீதிமன்றத்தின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் கட்டளை 32, விதி 7. அந்த அளவு கவனம் எல்லா ராஜிக்கும் தேவை. நிபந்தனைகளைத் தரப்பினருக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்டி, அவர்களிடமே நேரில் கேட்டறிந்த பிறகே நீதிமன்றம் ஆணை பிறப்பிக்க வேண்டும்.