வீட்டுமொழிக்கு வகுப்பில் இடமுண்டா?

பிள்ளைகளின் விதியைப் பிரமன் எழுதுகிறான் என்று நம் பாட்டிமார் கூறுவர். நாம் அறிந்தவரை அதை எழுதுவன சர்க்கார் வெளியிடும் கல்வி அறிக்கைகளே. அவற்றை அதிகாரிகளுக்குரியவை என்று நம்மவர் ஒதுக்கிவிடுகின்றனர். கதையையும் கவிதையையும் ஆராயும் இப்பகுதியில் அவ்வெழுத்தையும் ஆராய்தல் தகுமென்பது நம் கருத்து.

1951ஆம் ஆண்டில் வெளியான பார்ன்ஸ் அறிக்கையை முதலில் நோக்குவோம். மலாய்க் கல்வியை ஆராய அமைந்த அக்குழுவில் மலாய்க்காரரும் ஐரோப்பியரும் இருந்தனரேயன்றித் தமிழரோ சீனரோ இலர். எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கொண்டு கற்க வேண்டுமென்பது அதன் முடிவு. ஒற்றுமை வேண்டுமென்ற நோக்கத்தை நாம் குறைகூறோம். குற்றம் யாதெனில், பிள்ளையின் வீட்டுமொழி வீட்டோடு நின்றால் போதும் என்று கொண்டமையே. ஈராண்டு கழித்து, 1953இல், யுனெஸ்கோ வெளியிட்ட நூலோ, கல்வியைத் தொடங்குதற்குச் சிறந்த மொழி தாய்மொழியே என வலியுறுத்திற்று. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளுக்கு இடமளித்தது.

ஆயினும் பழைய எண்ணம் மாண்டிலது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டும் அதற்கு விலக்கன்று. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவாயிற்று. இடையில் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். குளுவாங்கிலோ ரெங்கத்திலோ வாழும் ஒரு தோட்டத்துச் சிறுமி, ஆறு பணியாரங்களை மூவருக்குப் பங்கிட வீட்டிலேயே அறிவாள். அதே கணக்கைத் தெரியாத மொழியில் கேட்டால் வாய்மூடி நிற்பாள். அவள் அறியாதது மொழி. மதிப்பெண் குறைவதோ கணக்கில். 'மந்தம்' என்ற பட்டம் சூட்டப்படுவதோ அவளுக்கு!

நிற்க. பிறரைக் குறைகூறும் நாம் நம்மையும் நோக்குதல் வேண்டும். "வூட்டுல" என்று வாய்திறந்த பிள்ளையை "ஒழுங்காகத் தமிழ் பேசு" என்று அதட்டி அமர்த்தும் உபாத்தியாயர் நம்மிடையே இலரோ? தெலுங்கோ மலையாளமோ பேசும் வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளையின் உச்சரிப்பை எள்ளுவார் இலரோ? பார்ன்ஸ் குழுவினர் தமிழுக்குச் செய்ததையே நாம் லயத்துப் பேச்சுக்குச் செய்கிறோம். செந்தமிழ் வேண்டும், ஐயமில்லை. அது மேற்படி. கீழ்ப்படியை இடித்துவிட்டு மேற்படியில் ஏறுவார் எவர்?

"வீட்டுமொழிக்கு இடங்கொடுத்தால் பிள்ளை மலாய் கற்காதே" என்பர் சிலர். இவ்வச்சம் பொருந்தாது. கப்பல் மலாயில் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', கடை 'கெடாய்'. தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற இச்சொற்களை ஆசிரியர் கரும்பலகையில் இணைத்தெழுதினால், புதுமொழி அன்னியமன்று என்று பிள்ளை உணரும். இடைநிலைப்பள்ளியில் மலாய் ஆசிரியர் தமிழ் அறியாதவராயிருக்கலாம், அதனாலும் தடையில்லை. தமிழறிந்த மாணாக்கர் இருவரைத் தம் மொழியில் கலந்து பேசச் செய்து, முடிவை மலாயில் எழுதிக் காட்டுமாறு பணித்தால் போதும். இதற்குப் பொருட்செலவு இல்லை, வேண்டுவது மனம்.

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. நம்மவர் பலர் ஜோகூர் பாருவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டனர். இடம் மாறினும் பிள்ளை பள்ளிக்குக் கொண்டுவரும் முதற்பொருள் வீட்டிற் கற்ற மொழியே. அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வா என்பது கல்வியன்று. பெற்றோரே! "இன்று என்ன மதிப்பெண்?" என்று கேட்குமுன், "இன்று வகுப்பில் வாய்திறந்து ஏதேனும் கேட்டாயா?" என்று கேளுங்கள். இல்லையென்று பிள்ளை சொல்லுமாயின், ஆசிரியரைக் கண்டு காரணம் கேட்பது உங்கள் கடமை.