காதால் டைமிங் வைத்தல்
அம்பாசிடர் காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், பிளக்கில் தீப்பொறி பாயும் நேரத்தை (டைமிங்) பல மெக்கானிக்குகள் காதால் கேட்டே வைத்தனர். வண்டி நின்றபடி எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, ஓட்டம் வேகமாகும் இடத்தில் போல்ட்டை முறுக்குவார்கள்.

கருவி தேவையில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. குறை, சுமை ஏறும்போதுதான் தெரியும். ஐடிலிங்கில் வேகமாக ஓடும் இடம், பெரும்பாலும் தேவைக்கு மேல் அட்வான்ஸ் ஆன இடம். அருள்புரத்தின் சமதளச் சாலையில் சீராக ஓடிய கார், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் நாக்கிங் சத்தம் போடும். அது நீடித்தால் பிஸ்டன் பழுதாகும்.

பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளி மாறினாலே டைமிங்கும் மாறும். எனவே முதலில் அந்த இடைவெளியைச் சரிசெய்து, வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு, டைமிங் லைட்டால் புல்லியின் குறியைப் பார்த்து வைப்பதே முறை. காது, கடைசிச் சோதனைக்கு உதவட்டும்.